துருசைப் பூட்டியும் நீர் குறைவதேன்?

வன்னிப் பெருநிலத்திலே, துணுக்காய்ப் பகுதியைச் சேர்ந்த அனுபவமுள்ள கமக்காரர் ஒருவரிடம் சென்று, "ஐயா, துருசைப் பூட்டிவிட்டோம், ஆயினும் குளத்தின் நீர்மட்டம் நேற்றிலும் இன்று குறைந்திருக்கிறது. கட்டு ஒழுகுகின்றதோ?" என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றோ, இல்லை என்றோ அவர் உடனே விடை கூறமாட்டார். துருசைப் பூட்டியது எப்பொழுது, நேற்றைய வெயில் எப்படி, காற்று எப்படி, கட்டின் புறச்சரிவிலே ஈரம் தெரிகின்றதா என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்பார். வவுனிக்குளம் போன்ற பரந்த நீர்ப்பரப்பிலே வெயில் குடிக்கும் நீரும் உண்டு. கட்டு வழியே கசியும் நீரும் உண்டு. அளவுகோலைப் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டுக்கும் கோடு கீழேதான் இறங்கும். ஆனால் முன்னையது இயல்பு, பின்னையது ஆபத்து.

நேயர்களே, இன்றைய பேச்சின் பொருள் குளமன்று. குளக்கட்டிலே நிறுத்தப்படும் ஒரு சிறு கருவியின் உள்ளே உள்ள நினைவகத்தைப் பற்றியே பேசப் போகின்றேன். எனினும் அந்தக் கமக்காரரின் கேள்விகளை மறந்துவிடாதீர்கள். அவை பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

இத்தகைய கருவி ஒன்று நம் குளக்கட்டிலே நிற்பதாக வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது நீர்மட்டத்தை அளக்கின்றது. அருகிலுள்ள கட்டடத்தில் இருக்கும் வைஃபை ரவுட்டர் வழியாகத் தொலைவிலுள்ள சேவையகம் ஒன்றோடு இணைப்பை ஏற்படுத்தி, அந்த எண்ணை அனுப்பிவிட்டு இணைப்பை மூடிவிடுகின்றது. இவ்வாறு நாளொன்றுக்கு 144 முறை. இவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் இதனை அற்ப வேலையென்று எண்ணிவிடலாகாது. 2018ஆம் ஆண்டு டிசெம்பர் 21, 22ஆம் நாட்களில் கனமழை கொட்டி, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலே வெள்ளம் புகுந்ததை நினைவில் வைத்திருப்போருக்கு, நள்ளிரவிலே குளத்தின் மட்டம் எவ்வளவு என்ற அந்த ஓர் எண்ணின் பெறுமதியை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இக்கருவிக்குத் திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை. அதனுள்ளே பதிந்து கிடந்து அதனை இயக்கும் செய்நிரலையே உட்பொதி மென்பொருள் என்கின்றோம். ஷாங்ஹாய் நகரத்து எஸ்பிரெசிவ் நிறுவனம் 2014ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஈஎஸ்பி 8266 என்னும் சில்லு, இவ்வகைக் கருவிகளிலே மிகுதியாகப் பயன்படுவது, விலையும் மலிவு. அதிலே வைஃபை முதலிய வேலைகளுக்குப் போக, நம் செய்நிரலின் கைக்கு எஞ்சும் நினைவகம் ஏறத்தாழ 40,000 பைட்டுகள். இப்பேச்சைத் தமிழ் எழுத்திலே அதற்குள் சேமிக்க முயன்றால், இதுவொன்றே அவ்விடத்தைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். அவ்வளவு சிறிய குளம் அது.

இந்நினைவகத்தைச் செய்நிரல் இரவலாகவே பெறுகின்றது. ஓர் இணைப்பை ஏற்படுத்தும்பொழுது அதன் விவரங்களை எழுதிவைக்கச் சிறிது இடம் வேண்டும். பொதுக் குவியலிலிருந்து அதனைக் கேட்டு வாங்கும். வேலை முடிந்தபின் திருப்பிக் கொடுக்கவேண்டும். திருப்பிக் கொடுக்கத் தவறினால் அதனை நினைவகக் கசிவு என்பர். இப்பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று என்பது என் எண்ணம். நினைவகம் எங்கும் ஒழுகி ஓடிவிடுவதில்லை. சில்லுக்குள்ளேயே அது பத்திரமாக இருக்கின்றது. விதைநெல்லை இரவல் வாங்கியவன், வாங்கியதையே மறந்துவிட்டான். கொடுத்தவனோ இன்னும் அவன் பெயரிலேயே கணக்கு வைத்திருக்கிறான். ஆகவே வேறு எவருக்கும் அந்நெல் உதவாது. நிலைமை அதுவே. ஆயினும் கசிவு என்ற சொல் ஊன்றிவிட்டது. நாமும் அதையே கொள்வோம்.

இனி, இணைப்பை மூடுவது எங்ஙனம் என்று பார்ப்போம். கதவைச் சாத்துவதுபோல ஒரே செயலில் முடிவதன்று அது. இணையத்தில் இருவர் பேசுவதற்குரிய டிசிபி என்னும் நெறிமுறையின்படி, முதலிலே நம் கருவி "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன்" என்று அறிவிக்கும். சேவையகம் "அறிந்தேன்" என்னும். பின்னர்ச் சேவையகம் தன் பங்குக்கு "நானும் முடித்தேன்" என்னும். கருவி "அறிந்தேன்" என்று விடையளிக்கும். நான்கு செய்திகள். இங்கேதான் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. நான்காவதாகச் சென்ற "அறிந்தேன்" என்ற சொல் சேவையகத்தை அடைந்ததா, வழியிலே தொலைந்ததா என்பதைக் கருவி அறிய வழியில்லை. தொலைந்திருந்தால், சேவையகம் தன் கடைசிச் செய்தியை மீண்டும் அனுப்பும். அப்பொழுது கருவி அந்த இணைப்பின் விவரத்தை அழித்துவிட்டிருந்தால், "நீர் யார்? உம்மை அறியேனே" என்று முகத்திலடித்தாற்போல் சொல்ல நேரும். பழைய பேச்சின் பொதி ஒன்று எங்கோ சுற்றித் திரிந்து காலந்தாழ்த்தி வந்து, புதிய பேச்சினுள் புகுந்து குழப்பவும் கூடும்.

ஆகையால், முதலில் மூடியவர் எவரோ அவர் சிறிது நேரம் அந்தக் குறிப்பைக் கையிலே வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டுமென்பது விதி. 1981ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியான டிசிபி நெறிமுறை ஆவணம், ஒரு பொதி வலையமைப்பில் உயிரோடிருக்கக்கூடிய நேரத்தை 2 நிமிடமெனக் கொண்டு, காத்திருப்பை அதன் இருமடங்காக, அதாவது 4 நிமிடமாக வகுத்தது. சுவீடன் நாட்டு ஆடம் டங்கெல்ஸ் என்பார் 2001ஆம் ஆண்டளவில் சிறு கருவிகளுக்கென்றே ஆக்கியளித்த எல்டபிள்யூஐபி என்னும் மென்பொருள் இன்று எண்ணற்ற கருவிகளுக்குள் உறைகின்றது. நாம் கூறிய ஈஎஸ்பி 8266இலும் அதுவே. அதிலே பொதியின் ஆயுள் 1 நிமிடமென்று குறிக்கப்பட்டிருப்பதால் காத்திருப்பு 2 நிமிடம்.

ஆகவே, இணைப்பை மூடிய மறுகணமே நினைவகத்தை அளந்து பார்ப்பவனுக்கு அது குறைந்தேயிருக்கும். துருசைப் பூட்டியாயிற்று, நீர் குறைந்திருக்கிறது. ஆனால் இது கசிவன்று. இரண்டு நிமிடம் கழித்து அவ்விடம் தானாகவே திரும்பிவிடும்.

இதை அறியாமல் இடர்ப்படுவோர் பலர். செய்நிரலை எழுதியவர் தம் மேசைமீது கருவியை வைத்துச் சோதிக்கின்றார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் பொழுது போகாதே! ஆதலால் விநாடிக்கு ஒருமுறை இணைத்து மூடுமாறு அமைக்கின்றார். ஒவ்வொரு குறிப்புக்கும் 200 பைட்டு எனக் கணக்கிட்டால், இரண்டு நிமிடத்துக்குள் 120 குறிப்புகள் சேர்ந்து 24,000 பைட்டு போய்விடுகின்றது. பெருங்கசிவென்று அவர் பதறுகின்றார். சற்றுப் பொறுத்துப் பார்த்திருப்பாரேயானால், அந்த 120ஆவது விநாடிக்குப் பின் வீழ்ச்சி நின்றுவிடுவதைக் கண்டிருப்பார். புதிதாக ஒன்று சேர, பழையதொன்று விடுபடும். கோடு இறங்கி, பின் சமதளமாக ஓடினால் அது காத்திருப்பு. தளராமல் இறங்கிக்கொண்டே போனால் அது கசிவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இயங்கும் உண்மைக் கருவியிலோ, ஒரு குறிப்பு விடுபட்டு எட்டு நிமிடம் சென்ற பின்புதான் அடுத்த இணைப்பே பிறக்கின்றது. அங்கே இந்தத் தொல்லையே இல்லை.

காத்திருக்கும் குறிப்புகளையெல்லாம் வலிந்து அழித்துவிடும் உபாயம் ஒன்றும் செய்நிரலாளரிடையே வழங்குகின்றது. நீர்மட்டம் கிடைத்தது என்று சேவையகம் தெளிவாக விடை கூறியபின் அவ்வாறு செய்வதிலே பெருந்தீங்கில்லை. விடை வருமுன் செய்தால், அனுப்பிய எண்ணே வழியிற் கைவிடப்படலாம். அதனினும் நல்ல வழி, சேவையகமே முதலில் மூடுமாறு அமைப்பது. காத்திருக்கும் கடமை முதலில் மூடியவர்க்கே உரியதாகையால், அந்தச் சுமை நினைவகம் மிகுந்த சேவையகத்தின் தலைமேல் ஏறிவிடும்.

ஆனால் அவ்வாறு அமைத்தால் இன்னொரு கடமை நம்மேல் விழும். சேவையகம் "முடித்தேன்" என்று சொன்னதும், நம் செய்நிரலும் தன் பக்கத்தை மூடவேண்டும். எல்டபிள்யூஐபியிலே இச்செய்தி, தரவு எதுவுமற்ற ஒரு வெற்றுப் பொதியைப்போல வந்து சேரும். வெறுமையாயிற்றே என்று அதனைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் செய்நிரல்கள் உண்டு. விட்டால் அந்த இணைப்பு பாதி மூடிய நிலையிலேயே நின்றுவிடும். முன்னே கூறிய காத்திருப்புக்கு இரண்டு நிமிட எல்லை உண்டு. இதற்கு எல்லையே இல்லை. நெறிமுறை நம் செய்நிரலின் சொல்லை எதிர்பார்த்து நிற்கின்றது, சொல்லோ வருவதேயில்லை. இது மெய்யான கசிவு.

இனி, கசிவுகளுள் மிகக் கொடியது எதுவெனில், இணைப்பு நல்லபடி முடியாதபொழுது நிகழ்வது. செய்நிரல் எழுதுவோர், இணைந்தோம், அனுப்பினோம், மூடினோம் என்ற நேரான பாதையைப் பலமுறை நடந்து பார்க்கின்றனர். சேவையகத்தின் முகவரி கிடைக்கவில்லை, அழைத்தும் விடையில்லை, பாதி அனுப்புகையிலே தொடர்பு அறுந்தது என்னும் பக்கப் பாதைகளிலே எவரும் அதிகம் நடப்பதில்லை. இணைப்பைத் தொடங்குமுன் செய்நிரல் தன் சொந்தக் குறிப்புக்காக 200 பைட்டு இரவல் வாங்கியது; நேரான பாதையின் முடிவிலே அதைத் திருப்பிக் கொடுக்கும் வரியும் இருக்கின்றது; பக்கப் பாதையிலோ அவ்வரி இல்லை. எல்டபிள்யூஐபியின் விதியும் இங்கே கவனிக்கத்தக்கது. இணைப்பு பிழைபட்டு முறிந்தது என்ற அறிவிப்பு நம்மிடம் வரும்பொழுது, நெறிமுறைக்குரிய பதிவு முன்னரே விடுவிக்கப்பட்டாயிற்று. நம்முடைய சொந்தக் குறிப்பை விடுவிப்பது மட்டும் நம் பொறுப்பு. இவ்வேறுபாட்டை அறியாதவர் இருவகையிலே தவறுவர். ஒருவர் எல்லாம் விடுபட்டதென்று எண்ணித் தம் குறிப்பைக் கைவிடுவார், அது கசிவு. மற்றவர் முன்னரே விடுபட்ட பதிவை மறுபடியும் மூட முயல்வார். ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்ட நெல்லை, அது வேறொருவர் வீட்டுக்குப் போனபின், மீண்டும் எடுத்துக் கொடுக்க முயல்வதைப் போன்றது இது. கசிவினும் பன்மடங்கு கேடு விளைப்பது. கருவி எந்தக் கணத்திலும் நிலைகுலையும்.

இதில் நகைப்புக்கிடமான ஒன்றும் உண்டு. "முடித்தேன்" என்ற செய்தியை ஆக்கி அனுப்பவும் சிறிது நினைவகம் வேண்டும். நினைவகம் தீர்ந்திருக்குமானால், மூடு என்ற கட்டளைக்கு "இடமில்லை" என்ற விடை வரும். அவ்விடையைப் பார்த்துச் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலாத செய்நிரல், மூடியதாக நினைத்துக்கொண்டு மேலே போய்விடும். வறுமை வறுமையைப் பெருக்கும்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். தோல்வியுறும் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 200 பைட்டு போகின்றதெனக் கொள்வோம். 40,000 பைட்டுக்கு 200 தோல்விகள். ஆனி மாதத் தொடக்கத்திலே கருவியை நிறுவுகின்றோம். கோடையிலே தொடர்பு நன்றாயிருக்கும்; நாளுக்கு ஒரு தோல்வி என்று வைத்தால், ஐப்பசி முடியும்வரை ஏறத்தாழ 150 நாளில் 30,000 பைட்டு போயிருக்கும். எவரும் அறியார், எண்கள் ஒழுங்காக வந்துகொண்டேயிருக்கும். பின்னர்க் கார்த்திகை மழை பிடிக்கின்றது. மின்சாரம் போய்ப்போய் வருகின்றது. ரவுட்டர் அணைந்து அணைந்து எரிகின்றது. 144 முயற்சிகளில் பாதி தோற்கின்றது. எஞ்சிய 10,000 பைட்டு 50 தோல்விகளைத்தான் தாங்கும். பதினேழு மணி நேரத்துக்குள் கருவி வாயடைத்துப் போகும். ஐந்து மாதம் தேவையற்றபொழுதெல்லாம் பேசிய கருவி, தேவைப்பட்ட முதல் நாளிலேயே ஊமையாகிவிடுகின்றது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நல்ல தொடர்புள்ள ஓர் அறையில் ஒரு கிழமை சோதித்தவருக்கு இக்குறையின் நிழல்கூடத் தெரிந்திராது.

இது சிறு கருவிகளுக்கு மட்டுமே உரிய குறையன்று. 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி, அமெரிக்காவின் வட வேர்ஜினியாவிலுள்ள அமேசான் நிறுவனத்தின் கணினி நிலையங்களிலே நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. விவரம் திரட்டும் சேவையகம் ஒன்று பழுதுபட, அதற்குப் பதிலாக வேறொன்று வைக்கப்பட்டது. புதிய முகவரி எல்லா இடங்களுக்கும் போய்ச் சேரவில்லை. ஆகவே சேமிப்புச் சேவையகங்கள் சிலவற்றில் இயங்கிய சிறு செய்நிரல், இல்லாத பழைய சேவையகத்தையே ஓயாது அழைத்துக்கொண்டிருந்தது. தோல்வியுற்ற அவ்வழைப்புகளினால் நினைவகம் சிறிது சிறிதாகக் கரைந்தது. அழைப்புத் தோற்பதை ஒரு குற்றமாக எவரும் கருதவில்லை; ஏனெனில் அந்த விவரம் சிறிது தவறினாலும் பாதகமில்லை என்பதே ஏற்பாடு. முடிவிலே சேமிப்புச் சேவையகங்களே நினைவகமின்றித் திணற, ரெடிட் முதலிய பல தளங்கள் அன்று நின்றுபோயின. முக்கியமற்ற வேலையொன்று முக்கியமான வேலையைக் கொன்றுவிட்டது.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 1992 நவம்பர் 4ஆம் நாள் அதிகாலையிலே இலண்டன் மாநகர அம்புலன்ஸ் சேவையின் கணினி நின்றுபோனது. ஒரு வண்டியை அனுப்பும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு விடாத வரிகள், செய்நிரலாளரின் கவனக்குறைவால் உள்ளே தங்கியிருந்தன. மூன்று கிழமைகளாகச் சேர்ந்த சிறு சிறு துளிகள் அவை. விசாரணைக் குழுவினர் மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையிலே இதனைத் தெளிவாக எழுதியுள்ளனர்.

இனி, இத்தகைய கசிவை எங்ஙனம் கண்டுபிடிப்பது? நம் கமக்காரரின் கேள்விகளுக்கே திரும்புவோம். துருசைப் பூட்டியது எப்பொழுது என்று அவர் கேட்டாரன்றோ? நினைவகத்தையும் எப்பொழுதும் ஒரே தருணத்திலே அளக்கவேண்டும். இணைப்பு நடுவே ஒருமுறையும், மூடியவுடன் ஒருமுறையும் அளந்து ஒப்பிடுவது பயனற்றது. புதிய இணைப்பைத் தொடங்குமுன், முந்தியது மூடி இரண்டு நிமிடத்துக்கு மேலான பின்னர், மீதமுள்ள பைட்டுகள் எத்தனையென்று குறித்து வரவேண்டும். அடுத்து, மொத்த எண்ணை மட்டும் நம்பாமல் இனம் இனமாகக் கணக்கு வைக்கவேண்டும். இணைப்புக் குறிப்பு என்று இரவல் வாங்கியது எத்தனை, கொடுத்தது எத்தனை. பொதிகள் வந்தவை எத்தனை, விடுவித்தவை எத்தனை. வாங்கியது 145, கொடுத்தது 143 என்று நின்றால், எந்தப் பாதையிலே தேடவேண்டுமென்பது பாதி விளங்கிவிடும். மீதி 10,000 பைட்டு இருந்தும் 2,000 பைட்டுத் துண்டு ஒன்று கிடைக்காமற்போவதும் உண்டு. இடம் சிறுசிறு துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதன் விளைவு அது. ஆகையால் ஒரே துண்டாகக் கிடைக்கக்கூடிய பெரிய அளவு யாது என்பதையும் உடன் குறிப்பது நலம்.

பழுதைத் திருத்துகையில், இல்லாத இடத்திலெல்லாம் விடுவிக்கும் வரியைச் சேர்த்துக்கொண்டு போவது ஆபத்து. ஒன்றையே இருமுறை விடுவிக்க நேரும். வெற்றியாயினும் தோல்வியாயினும் எல்லாப் பாதைகளும் ஒரே வாயிலிலே வந்து கூடுமாறு செய்து, அங்கே மட்டும் விடுவித்து, விடுவித்ததற்கு அடையாளமாக அக்குறிப்பின் முகவரியை வெறுமையாக்கி வைப்பதே சிறந்தது.

நாள்தோறும் நள்ளிரவிலே கருவி தன்னைத்தானே அணைத்து மீண்டும் எழுமாறு செய்துவிட்டால் போதாதோ என்று சிலர் கேட்பர். கட்டிலே ஓட்டை இருக்க, நாள்தோறும் மண்மூட்டை அடுக்குவது அது. இடருக்கு உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. எவரும் எட்டிப் பார்க்காத இடத்திலே நிற்கும் கருவிக்கு அப்படியோர் ஏற்பாடு இருக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை முறை, எக்காரணத்தால் மீண்டும் எழுந்தது என்பதையும் அது சொல்லவேண்டும். சொல்லாவிடில் குறை மறைந்தே வளரும்.

சோதனைக்கு உகந்த காலம் ஆவணி. குளம் வற்றியிருக்கும், ஓர் எண் தவறினாலும் எவருக்கும் இழப்பில்லை. முதல் நாள் ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். இரண்டாம் நாள் மின்சாரத்தைக் கொடுத்து, சிம் அட்டையை மட்டும் கழற்றிவிடுங்கள். வைஃபை இருக்கும், வெளியுலகம் இராது. மூன்றாம் நாள் தொடர்பையெல்லாம் சீராக்கிவிட்டு, சேவையகத்திலே எண்ணை வாங்கும் செய்நிரலை நிறுத்துங்கள். ஒவ்வொரு நாளும் வேறொரு பக்கப் பாதை திறக்கும். மூன்று நாளில் 432 முயற்சிகள், அத்தனையும் தோல்வி. நான்காம் நாள் காலையிலே யாவற்றையும் முன்போல் இயக்கிவிட்டு, நீர்மட்டத்தோடு கருவி அனுப்பும் நினைவக மீதியையும் பாருங்கள். முதல் நாள் இருந்த எண்ணே அங்கும் இருக்குமானால், அந்தக் கருவியை மாரிக்கு விடலாம்.